பழைய புல்லட்டின் ஹேண்டில்பார்: அளந்து வாங்கி மாட்டிய கணக்கு

கடையில் ‘புல்லட் ஹேண்டில்’ என்று கேட்டால் எடுத்துத் தரும் குழாயில் நம்பக்கூடிய அளவு ஒன்றுதான்: விட்டம். 7/8 இஞ்சு, அதாவது 22.2 மி.மீ. அகலம், உயரம், பின்பக்க வளைவு, நடுவில் நேராக ஓடும் நீளம், குழாயின் கனம் எல்லாம் கடைக்குக் கடை மாறும். லிவர், யோக் (லிவரை ஹேண்டிலோடு பிடிக்கும் கவ்வி), கேபிள், போல்ட் ஆகியவற்றிலும் இதே நிலைமைதான். ஆகவே இந்த வேலையில் பாதி வெர்னியர் அளவுகோலால் அளப்பது. ஸ்பானருக்கு வேலை அதற்கப்புறம்தான் வரும்.

வண்டி, சென்னை திருவொற்றியூரில் செய்த காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் தகரக் கொட்டகையில் பல மழைக்காலம் நின்றது. வந்தபோது ஹேண்டிலின் இடது முனை வலதைவிடத் தாழ்ந்திருந்தது. கிளட்ச் லிவரும் பிரேக் லிவரும் வேறு வேறு வண்டியின் சாமான். ஆக்சிலேட்டர் திருகினால் தானாகத் திரும்பவில்லை. கிளட்ச் கேபிளில் நிப்பிளை (கேபிள் முனையிலிருக்கும் உலோகக் குமிழை) ஒட்டி நான்கைந்து இழை அறுந்திருந்தது. ஹேண்டிலைப் பிடிக்கும் கிளிப்பின் நான்கு போல்ட்டில் ஒன்று மட்டும் புதிதாகப் பளபளத்தது. சந்தேகப்பட வேண்டியது அந்தப் பளபளப்பைத்தான்.

முதலில் ஃபோர்க்கைப் பாருங்கள்

ஹேண்டில் கோணலாகத் தெரிந்தாலே குழாய்தான் வளைந்தது என்று முடிவு கட்டக்கூடாது. விழுந்த வண்டியில் பலமுறை ஃபோர்க்தான் பிடிமானத்துக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும். குழாய் நேராகவே இருக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தை நேராக வைத்து, எதிரே பத்தடி தள்ளி நின்று பார்த்தால் சக்கரத்துக்கும் ஹெட்லைட்டுக்கும் உள்ள கோணல் தெரியும். அப்படி இருந்தால் அச்சாணி நட்டையும் ஃபோர்க் பிடிக்கும் கீழ் போல்ட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் இழுத்து நேராக்கி, மறுபடி இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் புது ஹேண்டில் மாட்டினால் அதுவும் கோணலாகத்தான் நிற்கும். பழி கடைக்காரர் மேல் விழும்.

ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டையும் இப்போதே சோதித்துவிடலாம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்லத் திருப்பும்போது நடுவில் ‘டக்’ என்று ஒரு குழியில் உட்கார்ந்தால் கோன் தேய்ந்துவிட்டது. எப்படியும் கேபிளெல்லாம் கழற்றப்போவதால் அதை மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இந்த வண்டியில் கோன் நன்றாகவே இருந்தது. ஃபோர்க்கில் சிறு முறுக்கு இருந்தது, எடுத்தாயிற்று. மீதிக் கோணல் முழுக்கக் குழாயில்.

கழற்றும்போது

பேட்டரி இணைப்பை முதலில் எடுக்க வேண்டும். ஹெட்லைட் கூட்டுக்குள் இருக்கும் அம்மீட்டர் முனைகளில் பேட்டரி மின்சாரம் நேராக வந்து நிற்கும். ஸ்பானர் ஒருமுறை பட்டால் ஒயர் கூட்டமே கருகிவிடும். டேங்க் மேல் தடித்த துணி. கேபிள்கள் எந்த வழியாக ஓடுகின்றன, எது எதற்கு முன்னால் போகிறது என்று நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது, பிறகு பெரிய தலைவலியை மிச்சப்படுத்தும்.

கிரிப் கழற்றப் பலர் பிளேடு போடுகிறார்கள். பழைய ரப்பரைக் காப்பாற்ற வேண்டுமானால் பஞ்சர் கடைக் காற்றுக்குழாயின் முனையைக் கிரிப்புக்கும் குழாய்க்கும் நடுவே செருகி அழுத்தினால் போதும். ரப்பர் உப்பி வழுக்கிக்கொண்டு வரும். பெட்ரோல் ஊற்றினால் ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கும்.

கிளிப் போல்ட்டுகளைக் கழற்றியதும் சந்தேகம் உறுதியானது. மூன்று போல்ட்டும், மரை இடைவெளி அளக்கும் பிட்ச் கேஜில் இஞ்சுப் பல்லில் சரியாக உட்கார்ந்தன. நான்காவது, கடையில் கிடைக்கும் சாதாரண 8 மி.மீ. மெட்ரிக் போல்ட். இது ஏன் ஆபத்து என்று புரிந்துகொள்ள வண்டியின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1950-களின் நடுவில் சென்னையில் தொடங்கிய இந்தத் தயாரிப்பு, இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ரெட்டிச் ஆலையின் வடிவமைப்பையும் கருவிகளையும் கொண்டே நடந்தது. அதனால் மரைகளும் இஞ்சுக் கணக்கில் அமைந்தன. பிற்பாடு மெட்ரிக் கலந்தது. ஒரே வண்டியில் இரண்டும் இருக்கலாம்.

5/16 இஞ்சு என்பது 7.94 மி.மீ. கண்ணுக்கும் விரலுக்கும் அது 8 மி.மீ. போல்ட்டிலிருந்து வேறுபடாது. வித்தியாசம் மரையின் இடைவெளியில் இருக்கிறது. 8 மி.மீ. மெட்ரிக்கில் ஒரு மரைக்கு 1.25 மி.மீ.; பி.எஸ்.எஃப். எனப்படும் பிரிட்டிஷ் நுண்மரையில் 5/16 அளவுக்கு இஞ்சுக்கு 22 மரை, அதாவது 1.15 மி.மீ.; சைக்கிள் மரை எனப்படும் வகையில் இஞ்சுக்கு 26, அதாவது 0.98 மி.மீ. தவறான போல்ட் முதல் இரண்டு சுற்று விரலால் போகும், பிறகு ஸ்பானருக்கு இறுகும், ‘நல்லா டைட்டா இருக்கு’ என்று தோன்றும். உள்ளே நடப்பதோ, மரைகள் ஒன்றையொன்று அறுப்பது. ஒருநாள் பள்ளத்தில் விழும்போது உருவிக்கொண்டு வரும். முன்பிரேக்கை அழுத்தும் நேரத்தில் ஹேண்டில் முன்னால் சாய்வது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

பாழான மரையில் சரியான டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேல் பிடிமானம் இல்லை. அந்த நிலையில் பெரிய அளவுக்குத் துளைத்து வேறு போல்ட் போடுவது மலிவான வழி. ஆனால் கிளிப்பின் ஓரச் சதை மெலிந்துபோகும். ஹெலிகாயில் எனப்படும் கம்பிச் சுருள் மரை போடுவதே சரி. அதைச் சாய்வில்லாமல் போட லேத்து அல்லது டிரில் பிரஸ் உள்ள இடம் வேண்டும். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, நல்ல நிலையில் உள்ள பழைய போல்ட் ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ‘பழைய புல்லட் மரை’ என்று வாயால் சொன்னால் அவரவர் கையிலிருக்கும் டேப் இறங்கிவிடும்.

குழாய் தேர்வு

வளைந்த ஹேண்டிலைப் ‘பெண்டு எடுத்து’ மாட்டலாமா என்றால், லேசான வளைவு, மடிப்பு விழாதது, கிளிப்பிலிருந்து தள்ளி இருப்பது என்றால் குளிர்ந்த நிலையில் ஒருமுறை எடுக்கலாம். சுவரில் மடிப்பு விழுந்திருந்தாலோ, வளைவு கிளிப்புக்கு அருகில் இருந்தாலோ எடைக்குப் போட வேண்டியதுதான். சூடுகாட்டி நிமிர்த்துவது எப்போதும் வேண்டாம்; முலாமும் போகும், குழாயின் பலமும் போகும்.

துருவையும் வெளியே பார்த்து மதிப்பிடக்கூடாது. குரோம் முலாம் குழாயின் உட்பக்கம் ஏறாது. கிரிப்புக்கு அடியில் வியர்வையும் மழைநீரும் தேங்கும் இடத்தில்தான் துரு ஆரம்பிக்கும். இந்த வண்டியில் வலது முனையில் துரு உப்பி, குழாய் 22.6 மி.மீ. ஆகியிருந்தது. ஆக்சிலேட்டர் திரும்பாததற்குக் காரணம் அதுதான். கார்பரேட்டர் ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாங்குமிடம் என்றால், மதுரையில் வடக்கு வெளி வீதி, சிம்மக்கல் சுற்றுவட்டாரக் கடைகளில் புதுச் சாமானையும், பழைய இரும்புக் கடைகளில் கழற்றிய சாமானையும் தேடலாம். அங்கே கிடைக்காவிட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும். அதற்கும் மேலே போனால் டெல்லி கரோல் பாக்; பழைய புல்லட்டுக்கென்றே சாமான் விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன, கூரியரில் அனுப்புவார்கள். ஆனால் ஹேண்டிலையும் லிவரையும் கூரியரில் வாங்குவதாக இருந்தால் அளவுகோல் வைத்து எடுத்த போட்டோ கேட்டு வாங்கிய பிறகே பணம் அனுப்புவது நல்லது. நகரத்தில் பல வருடமாகப் புல்லட் மட்டுமே பார்க்கும் மெக்கானிக்குகளின் தகரப் பெட்டிகளில் கிடைக்கும் சாமானுக்கு எந்தக் கடையும் ஈடாகாது. என்ன, அவர்கள் அதை விற்க மனம் வைக்க வேண்டும்.

“அண்ணே, புல்லட்டுன்னா எல்லாம் ஒண்ணுதாண்ணே, கண்ண மூடிட்டு மாட்டுங்க” என்பார்கள். கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியவை இவை. முதலில், குழாயின் வெட்டுமுனையில் சுவர்க் கனம்: 2 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். மெலிந்த குழாயைக் கையில் தூக்கினாலே எடை காட்டிக்கொடுக்கும். அடுத்தது, நடுவில் நேராக ஓடும் பகுதி. இரண்டு கிளிப்பின் வெளி ஓரத்துக்கு இடையே உள்ள தூரத்தைவிட இது கூடுதலாக இருக்க வேண்டும். ஃபேன்சி ஹேண்டில்களில் வளைவு சீக்கிரமே தொடங்கிவிடும். கிளிப் வளைவின் மேல் உட்கார்ந்தால் ஒரு ஓரம் மட்டும் கடிக்கும். குழாய் நசுங்கி, அங்கேயே விரிசல் பிறக்கும். மூன்றாவது, சமச்சீர். ஹேண்டிலைக் கவிழ்த்து கிரானைட் மேடை மேல் வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் படிய வேண்டும். கடைக் கல்லாவே போதும், கூச்சப்படாமல் வைத்துப் பார்க்கலாம்.

பழைய ஒரிஜினல் ஹேண்டில் நேராகக் கிடைத்து, குரோம் மட்டும் போயிருந்தால் முலாம் போடுவது நல்ல தேர்வு. பாலிஷ் பிடிக்கும்போது குழிவிழுந்த துருவை முழுக்கத் தேய்த்தெடுக்கச் சொன்னால் சுவர் மெலியும். ஓரளவு குழி இருந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பளபளப்பைத் தருவது குரோம் என்றாலும் துருவைத் தடுப்பது அதற்கடியில் ஏறும் நிக்கல். நிக்கலைக் குறைத்துப் போட்டால் அடுத்த ஐப்பசி மழைக்கே பொட்டுப் பொட்டாகத் துரு எட்டிப்பார்க்கும்.

லிவரும் யோக்கும்

அதிகம் ஏமாறுவது இங்கேதான். லிவரின் நீளத்தையும் பளபளப்பையும் பார்த்து வாங்குகிறோம். பார்க்க வேண்டியது லிவர் சுழலும் போல்ட்டின் மையத்திலிருந்து கேபிள் நிப்பிள் உட்காரும் குழியின் மையம் வரையுள்ள தூரம். பிரிட்டிஷ் பாணி லிவர்களில் இது இரண்டு வகை: 7/8 இஞ்சு, அதாவது 22 மி.மீ.; அல்லது 1-1/16 இஞ்சு, அதாவது 27 மி.மீ. ஐந்து மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டால், 27 மி.மீ. லிவர் கேபிளை 21 சதவீதம் அதிகம் இழுக்கும். அதே கை அழுத்தத்துக்கு இழுவிசை 18 சதவீதம் குறையும்.

கிளட்சில் 22 மி.மீ. மாட்டினால் கை சுகமாக இருக்கும். ஆனால் தட்டுகள் முழுக்க விலகாமல் போகலாம். சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழாது, முதல் கியர் ‘டொக்’ என்று விழும். கிளட்ச் தட்டு போய்விட்டது என்று பிரிக்கும் வண்டிகளில் சில, லிவர் மாறிய வண்டிகள்தான். முன்பிரேக்கில் நேர் எதிர்: 27 மி.மீ. மாட்டினால் லிவர் மரக்கட்டைபோல விறைப்பாக இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. இந்த வண்டியில் சரியாக இரண்டும் இடம் மாறிக் கிடந்தன: கிளட்சில் 22, பிரேக்கில் 27. இப்போது கிளட்சுக்கு 27, பிரேக்குக்கு 22.

உலோகமும் முக்கியம். மலிவு யோக்குகளில் சில துத்தநாகக் கலவை வார்ப்பு. அலுமினியத்தைவிட இரண்டரை மடங்கு கனக்கும். கையில் வைத்தால் தெரியும். வண்டி ஒருமுறை சாய்ந்தால் அலுமினியம் வளையும், இது பிஸ்கட்டாக உடையும். லிவரின் நுனியில் உருண்டை இல்லாததை வாங்கவே வேண்டாம். விழும்போது உள்ளங்கையைக் குத்தும்.

நல்ல பழைய யோக் கிடைத்து, லிவர் துளை மட்டும் ஓவலாகியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள். லேத்தில் துளையை 8 மி.மீ.க்கு வட்டமாக்கி, வெளிவிட்டம் 8, உள்விட்டம் 6 கொண்ட பித்தளை புஷ் அடித்துவிடலாம். போல்ட்டில் ஒரு விஷயம்: லிவர் சுழலும் பகுதியில் மரை இல்லாத வழுவழுப்பான தண்டு இருக்க வேண்டும். முழுநீள மரை போல்ட் போட்டால் அதுவே அரம்போல ராவி, புது புஷ்ஷையும் தின்றுவிடும். போல்ட்டை யோக்கில் இறுக்கி, லிவர் தன் எடையிலேயே விழுமளவுக்கு விட்டு, அப்புறம் லாக் நட் போட வேண்டும்.

இடது பக்கம், உதைக்கும்போது வால்வைத் திறந்து இன்ஜின் அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரெஸர் லிவரும் உண்டு. அது பெரும்பாலும் பழையதையே சுத்தம் செய்து மாட்டினால் போதும்.

கேபிள்

கேபிள் அறுவது பெரும்பாலும் நிப்பிளை ஒட்டித்தான். லிவர் அசையும்போது நிப்பிள் தன் குழிக்குள் உருள வேண்டும். துருவோ அழுக்கோ பிடித்து உருளாமல் நின்றால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் கம்பி அங்கே மடங்குகிறது. இழை இழையாகப் போகிறது. ஆகவே புது கேபிளைவிட முக்கியம், நிப்பிள் குழியை வட்ட அரத்தால் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, விரலால் உருட்டிப் பார்ப்பது.

ரெடிமேட் கேபிளின் நீளம் சரியாக அமைந்தால் அதிர்ஷ்டம். அமையாவிட்டால் சொந்தமாகச் செய்யலாம். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் 2 முதல் 2.5 மி.மீ. கம்பி, ஆக்சிலேட்டருக்கு 1.5 மி.மீ. போதும். வெட்டும் இடத்தில் முதலில் ஈயம் ஏற்றி, அந்த ஈயத்தின் மேலேயே கூர்மையான உளியால் ஒரே அடியில் வெட்டினால் இழை பிரியாது. பித்தளை நிப்பிளைக் கோத்து, வைஸில் பிடித்து, வெளியே நீட்டும் 3 மி.மீ. இழைகளைப் பூவாக விரித்துத் தட்ட வேண்டும். இந்த விரிப்புதான் பிடிமானம். ஈயம் வெறும் பசை. ரேடியேட்டர் கடைகளில் பயன்படுத்தும் அமில ஃப்ளக்ஸ் தொட்டு, சின்னக் கரண்டியில் உருகிய 60/40 ஈயத்தில் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) நிப்பிளை முக்கி, அது முழுக்கச் சூடேறும்வரை பிடிக்க வேண்டும். அந்த ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். கேஸ் டார்ச்சை நேராகக் காட்டினால் கம்பியின் உறுதி போய், அடுத்த மாதம் அறும். முடிந்ததும் சோடா மாவுத் தண்ணீரில் கழுவாவிட்டால் அமிலமே கம்பியை அரிக்கும். பிறகு நிப்பிளை வைஸில் மாட்டி, உடம்பின் பலத்தையெல்லாம் போட்டு இழுத்துப் பாருங்கள். வருவதானால் பட்டறையிலேயே வரட்டும்.

கிளட்ச் கேபிள் இடது லிவரில் தொடங்கி, டேங்குக்கு அடியில் போய், வலது பக்க கியர் பாக்ஸில் முடிகிறது. இந்தத் தூரத்தில் எங்கேயும் கூர்மையாக மடங்கக்கூடாது. உயரமான ஹேண்டில் போட்டால் பழைய கேபிள் எட்டாது; இழுத்துக் கட்டிச் சமாளிக்க வழியில்லை, நீளக் கேபிள்தான். அதிகம் உயர்த்த ஆசைப்படுபவர்களுக்கு: வண்டியின் மூல அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் வரும்.

மாட்டும் வரிசை

கிளிப்புகளில் குழாயை லேசாகப் பிடிக்கவைத்து, யோக், ஆக்சிலேட்டர், சுவிட்சு எல்லாம் கோத்த பிறகுதான் கோணம் முடிவாக வேண்டும். வண்டியில் உட்கார்ந்து கையை இயல்பாக நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் விரல் லிவர் மேல் விழ வேண்டும். இருபக்கமும் முழுக்கத் திருப்பி, லிவரோ விரலோ டேங்கில் இடிக்கவில்லை என்று பார்த்து, நான்கு போல்ட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இந்த அளவு போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் போதும். இறுக்கிய பின் கிளிப்பின் இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாமல் கிளிப் முட்டிவிட்டால், குழாய் மெலிந்தது அல்லது கிளிப் தேய்ந்தது. மெல்லிய பித்தளைத் தகடு சுற்றி ஈடுகட்டலாம். சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றுவது ஹேண்டிலைச் சுழலவிடும்.

பிற்கால சுவிட்சுகளில் உட்பக்கம் ஒரு சிறு முளை இருக்கும். அதற்கு ஹேண்டிலில் துளை வேண்டும். முளையை ராவிவிட்டு மாட்டினால் சுவிட்சு கையோடு சுற்றும். இந்த வண்டியின் சுவிட்சில் முளை இல்லை. ஒற்றை ஒயர் ஹார்ன் பட்டனாக இருந்தால் ஹேண்டில் வழியாகத்தான் எர்த் கிடைக்கும். பெயின்ட் அடித்த ஹேண்டிலில் ஹார்ன் ஊமையாவது இதனால்தான். பட்டன் பிடிக்கும் இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டால் சத்தம் வரும்.

ஆக்சிலேட்டர் பக்கக் குழாயில் பிசிறு இல்லாமல் தேய்த்து, கிரீஸை விரல் நுனியளவு மட்டும் பூசுங்கள். அள்ளிப் பூசினால் மேலூர் ரோட்டுப் புழுதி சேர்ந்து அரைத்த மாவாகிவிடும். கிரிப்பை வெந்நீரில் போட்டு எடுத்தால் சுலபமாக ஏறும். இடது கிரிப்புக்குப் பஞ்சர் சொல்யூஷன் ஒரு பூச்சு. வலது கிரிப்பின் உள்விட்டம் பெரியது. ஜோடி மாற்றி ஏற்ற முயன்று கிழிக்க வேண்டாம்.

சரிசெய்யும் அளவுகள்: கிளட்ச் லிவரில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு, டிகம்ப்ரெஸர் கேபிளிலும் கண்ணுக்குத் தெரியும் தளர்வு. அது விறைத்திருந்தால் வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரெஷன் கசியும், உதைத்து உதைத்துக் கால் போகும். இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்புங்கள். எந்தப் பக்கத்திலாவது ஐட்லிங் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் ரோட்டுக்குப் போகக்கூடாது. இந்த வண்டியில் இடது பக்கம் திருப்பும்போது ஏறியது. கேபிளை ஹெட்லைட் கூட்டுக்கு முன்னால் சுற்றி விட்டதும் நின்றது.

முதல் 100 கிலோமீட்டருக்குள் கிளட்ச், பிரேக் கேபிள்கள் கொஞ்சம் நீளும், கிளிப் போல்ட்டும் ஒருமுறை படிந்து உட்காரும். இரண்டையும் மறுபடி பார்த்து, பிறகு கிளட்ச் லிவர் பக்கம் கேபிள் தளர்வைச் சரிசெய்யும் திருகான பேரல் அட்ஜஸ்டரில் இன்னும் பாதிக்கு மேல் மரை மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதைத் திரும்ப உள்ளே திருகிவிட்டு, தளர்வைக் கியர் பாக்ஸ் பக்கத்து அட்ஜஸ்டரில் எடுக்க வேண்டும்.